கிராவல் பைக் கியர் மாத்தப் போறீங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகள், ஒரே இடத்துல

கிராவல் பைக் (தார் ரோட்லயும் மண்ணு சரளைலயும் ஓடுற சைக்கிள்) வாங்கி கொஞ்ச மாசம் ஓட்டினதும் எல்லாருக்கும் இதே சந்தேகம்தான் வருது. மேட்ல நாக்கு தள்ளுது, கியர் மாத்தலாமா, எதை மாத்தணும், எது எதோட சேரும்? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரல் தேஞ்சதுதான் மிச்சம், அதான் மொத்தமா எழுதிட்டேன். கேள்விய கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். முதல்ல இருந்து படிங்க, ஏன்னா மேல போட்ட கணக்கத்தான் கீழயும் எடுத்துக்கிட்டு போறேன்.

ப்ரோ 46/30, 11-34, 10-51ன்னு என்னென்னமோ சொல்றீங்க, எனக்கு தலையும் புரியல வாலும் புரியல

எல்லாம் பல்லு எண்ணிக்கைதான். 46/30ன்னா பெடல் பக்கம் ரெண்டு செயின்ரிங், ஒண்ணுல 46 பல்லு இன்னொண்ணுல 30. 11-34ன்னா பின் வீல்ல இருக்கிற கேசட்ல சின்ன பல்சக்கரம் 11, பெருசு 34. முன்னாடி பல்ல பின்னாடி பல்லால வகுத்தா வர்றதுதான் ரேஷியோ. 40-ஐ 42-ஆல வகுத்தா 0.95, அதாவது பெடல் ஒரு சுத்து சுத்தினா வீல் ஒரு சுத்துக்கும் கொஞ்சம் கம்மியா சுத்தும். எண் சின்னதாக சின்னதாக மிதி லேசாகும், தூரம் கம்மியாகும்.

700x40 டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். அப்போ 40/42-ல ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழு சுத்துக்கு, 2.1 மீட்டர். இந்த 2.2-ஐ மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் தானா வந்துடும்.

கம்பெனிக்காரன் தெரியாமயா போட்டுருப்பான்? ஏன் மாத்தணும்?

தெரிஞ்சுதான் போடுறான், ஆனா உங்க மேடும் உங்க காலும் அவனுக்கு தெரியாதே. நிறைய கிராவல் பைக் இன்னும் ரோட் பைக் பழக்கத்துலயே வருது, 40 ரிங்கோட 11-42, இல்லன்னா 48/31-ஓட 11-34. சமதளத்துல, நல்ல கால் உள்ளவங்களுக்கு இதுவே சரி. உங்களுக்கும் சரியா இருந்தா இந்தப் பக்கத்த இப்பவே மூடிடலாம், சும்மா மாத்தணும்னு மாத்தாதீங்க.

ஆனா ஒண்ணு கவனிங்க. தார் ரோட்ல கியர் பத்தலன்னா எழுந்து நின்னு மிதிச்சு சமாளிச்சுடலாம். சரளைல அது நடக்காது, எழுந்த உடனே பின் வீல் மேல இருக்கிற பாரம் குறையும், டயர் பிடிமானம் விட்டு சர்ருனு வழுக்கும், ஒரு தடவ வழுக்கினா வேகம் செத்துடும், கால ஊன வேண்டியதுதான். உக்காந்தபடியே, இழுக்காம, சீரா மிதிக்க முடியணும், அதுக்குத்தான் கிராவல்ல ரோட விட லேசான கியர் தேவைப்படுது.

எனக்கு எவ்ளோ லோ கியர் வேணும்னு எப்படி கண்டுபிடிக்கிறது? எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க

ஆளுக்கு ஒண்ணு சொல்றதுதான் நியாயம், ஏன்னா ஆளுக்கு ஒரு எடை, ஆளுக்கு ஒரு கால். ஒரு உதாரணம் பாருங்க. ஆளும் பைக்கும் சேர்ந்து 90 கிலோ, மேடு 10 சதவீதம், ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கிற சக்தி 150 வாட். புவியீர்ப்பு பின்னாடி இழுக்கிறது 88 நியூட்டன், டயர் உருள்ற தடை ஒரு 9 நியூட்டன், மொத்தம் 97. 150-ஐ 97-ஆல வகுத்தா விநாடிக்கு 1.55 மீட்டர், அதாவது மணிக்கு 5.6 கிமீ. அவ்ளோதான் போக முடியும், என்ன கியர் போட்டாலும் இந்த வேகம் ஏறாது.

இந்த 5.6 கிமீல 40/42 போட்டா நிமிஷத்துக்கு 44 மிதி. 30/34-ல 48. 40/51-ல 54. 44-ல மிதிக்கிறப்போ ஒவ்வொரு மிதியும் படி ஏறுற மாதிரி முட்டில வந்து உக்காரும், அரை மணி நேரம் அப்படி போனா அடுத்த நாள் தெரியும். 60 மிதி வேணும்னா ரேஷியோ 0.7 கிட்ட இருக்கணும், 36/51 கரெக்டா அங்க வந்து நிக்குது, 30/42-உம் கிட்டத்தட்ட அதேதான்.

பவர் மீட்டர் இல்லன்னா கவலை வேணாம். நீங்க வழக்கமா போற மேட்லயே கஷ்டமான மேட்ட எடுத்துக்கோங்க, பத்து நிமிஷமாவது ஒரே சீரா ஏறுறப்போ வேகம் எவ்ளோன்னு பாருங்க. அந்த வேகத்த 7.6-ஆல பெருக்கி, எத்தன மிதில மிதிக்க ஆசைப்படுறீங்களோ அதால வகுங்க. 7 கிமீ, 65 மிதின்னா 0.82. அதான் உங்க லோ கியர். முதல்ல இந்த எண்ண முடிவு பண்ணுங்க, பிராண்டு, ஸ்பீடு, கலர் எல்லாம் அதுக்கு அப்புறம்.

அப்படி குறைச்சா டாப் ஸ்பீடு போயிடுமே அண்ணா

போகும், எவ்ளோன்னு பாருங்க. 90 மிதில 46/11 போட்டா 50 கிமீ, 40/11-ல 43, 36/10-லயும் கிட்டத்தட்ட 43. சரளை ரோட்ல சமதளத்துல நீங்க எத்தன தடவ 43 தாண்டி மிதிச்சிருக்கீங்க? இறக்கத்துல தாண்டும், ஆனா அங்க மிதிக்காம குனிஞ்சு உக்காந்தாலே போதும், சொல்லப்போனா கை பிரேக் மேலதான் இருக்கும்.

வார நாள்ல இதே பைக்ல ரோட் குரூப்போட ஓடுறவங்களுக்கு மட்டும் டாப் கியர் நிஜமாவே முக்கியம். அவங்க அடுத்த கேள்விய கொஞ்சம் நிதானமா படிக்கணும்.

ஒன்-பையா டூ-பையா, ஒரே வார்த்தைல சொல்லுங்க

ஒரே வார்த்தைல சொல்ற விஷயமா இது! முன்னாடி ஒரே ரிங்னா ஒன்-பை, ரெண்டு ரிங்னா டூ-பை. ரேஞ்சு கம்மின்னு ஒன்-பைய ஒதுக்கின காலம் போயிடுச்சு. 46/30-ஓட 11-34 போட்டா கீழ் கியருக்கும் மேல் கியருக்கும் 4.7 மடங்கு வித்தியாசம், ஒரே ரிங்கோட 10-51 போட்டா 5.1 மடங்கு. அதே ஒன்-பைல 11-42-ன்னா வெறும் 3.8 மடங்குதான், 10-44-க்கு 4.4. ஆக எந்த ஒன்-பைங்கறதுலதான் விஷயம் இருக்கு.

வித்தியாசம் எங்கன்னா பல்லுக்கு பல்லு இடைவெளில. 11-ஸ்பீடு, அதாவது பின்னாடி 11 பல்சக்கரம் இருக்கிற, 11-34-ல நடுவுல 19, 21, 23, 25, 27-ன்னு போகும், ஒவ்வொரு கிளிக்கும் பத்து சதவீதம் கிட்ட. 10-51-ல 18, 21, 24, 28, ஒவ்வொண்ணும் 14-ல இருந்து 17 சதவீதம். சரளைல இது தெரியவே தெரியாது, மேடும் பள்ளமும் மாறி மாறி வர்றதால நீங்களே ரெண்டு ரெண்டா கியர் தட்டுவீங்க. ஆனா எதிர்க்காத்துல நீளமான தார் ரோட்ல போறப்போ ஒண்ணு ரொம்ப லேசு அடுத்தது ரொம்ப கனம்னு நடுவுல மாட்டிக்கிட்டு எரிச்சலா இருக்கும்.

என் கருத்து கேட்டா, பாதிக்கு மேல மண்ணு சரளைன்னா ஒன்-பை, சேறு புல்லு போய் அடைக்க முன் டீரெய்லரே இல்ல (செயின ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு தள்ளுறதுதான் டீரெய்லர்). பாதிக்கு மேல தாருன்னா டூ-பை. இன்னொண்ணு, ஒன்-பைல வந்த பைக்க டூ-பையா மாத்துறது கிராங்க் (பெடல் மாட்டுற கை), முன் டீரெய்லர், கியர் மாத்துற லிவரான இடது ஷிஃப்டர்னு வரிசையா இழுத்து விட்டுடும், சில ஃப்ரேம்ல முன் டீரெய்லர் மாட்ட இடமே இருக்காது. இருக்கிற வகைய வச்சே லோ கியர் வருதான்னு பாக்கறது புத்திசாலித்தனம்.

முன்னாடி செயின்ரிங்க மட்டும் ரெண்டு பல்லு குறைச்சா போதுமா?

செலவு கம்மி, வேலையும் சுலபம், அதனால எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க. ஆனா 40-ல இருந்து 38 போனா அஞ்சு சதவீதம்தான் லேசாகும். கேசட்ல 37-ல இருந்து 42-க்கு ஒரு கிளிக் தட்டினாலே 13 சதவீதத்துக்கு மேல. அப்போ ரெண்டு பல்லுங்கறது அரை கிளிக் கூட இல்ல! மாத்தினா நாலு பல்லு ஆறு பல்லுன்னு இறங்குங்க, 42-ல இருந்து 36 போனா 14 சதவீதம், அது கால்ல தெரியும்.

நீங்க நினைச்ச அளவு வரை இறங்க முடியுமாங்கறது ரிங்க கிராங்க்ல மாட்டுற போல்ட்களோட வட்டம் எவ்ளோ பெருசுங்கறத பொறுத்தது. 130 மிமீ வட்டம்னா 38-க்கு கீழ வழியில்ல, 110 மிமீன்னா 34 பக்கத்துல முடிஞ்சுடும். கிராங்க்ல நேரா மாட்டுற டைரக்ட் மவுன்ட் ரிங்குன்னா இன்னும் சின்னது கிடைக்கும். ஒன்-பைன்னா பல்லு ஒண்ணு அகலம் ஒண்ணு ஒல்லின்னு மாறி மாறி வர்ற நேரோ-வைட் ரிங்தான் போடணும், சாதா ரிங் போட்டா குண்டு குழில செயின் கழண்டு விழும். பெருசா மாத்துறவங்க ஃப்ரேம்ல செயின்ஸ்டே (பெடல் பக்கம் இருந்து பின் வீலுக்கு போற குழாய்) மேல பல்லு உரசுமான்னு பாருங்க, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிகபட்ச ரிங் அளவு ஒண்ணு குடுத்திருப்பாங்க.

கேசட் பெருசா போடலாம்னு இருக்கேன், என் டீரெய்லர் தாங்குமா?

ரெண்டு எண் பாக்கணும். ஒண்ணு, அதிகபட்ச பல்லு. ஷிமானோவோட கிராவல் செட்டான ஜிஆர்எக்ஸ் 11-ஸ்பீடுல டூ-பைக்கு வர்ற ஆர்எக்ஸ்810-க்கு 34, ஒன்-பைக்கு வர்ற ஆர்எக்ஸ்812-க்கு 42. 12-ஸ்பீடு ஆர்எக்ஸ்822-ல ரெண்டு நீளம் இருக்கு, ஒண்ணு 45 வரை, நீளமானது 51 வரை. மாடல் நம்பர் டீரெய்லர் பின்பக்கம் சின்ன எழுத்துல பொறிச்சிருக்கும், அழுக்க துடைச்சுட்டு டார்ச் அடிச்சு பாருங்க, வாங்கினப்போ குடுத்த பேப்பர நம்பாதீங்க.

ரெண்டாவது, மொத்த கொள்ளளவு, அதாவது எவ்ளோ தொய்வான செயின டீரெய்லர் கூண்டு இழுத்துப் பிடிக்கும்ங்கறது. முன் ரிங்குகளோட வித்தியாசம் கூட்டல் கேசட்டோட வித்தியாசம். 48/31-ஓட 11-34-ன்னா 17 கூட்டல் 23, 40. ஆர்எக்ஸ்810-ஓட கொள்ளளவும் 40-தான், அதாவது இடமே மிச்சமில்ல. ஒன்-பைல முன்னாடி வித்தியாசம் இல்லாததால பெரும்பாலும் முதல் எண்ண மட்டும் பாத்தா போதும்.

கம்பெனி சொல்ற அதிகபட்ச பல்லு கொஞ்சம் ஜாக்கிரதையா சொன்னது, 34-ன்னு போட்டதுல பலபேர் 36 ஓட்டுறாங்க, ஹேங்கர் (பின் டீரெய்லர் ஃப்ரேம்ல தொங்குற துண்டு) நீளத்த பொறுத்து சில பைக்ல ஓடும் சிலதுல டீரெய்லரோட மேல் கப்பி பெரிய பல்லுல இடிக்கும். 34-ன்னு போட்டதுல 42 மாட்டுறது வேற கதை, அத கீழ பாருங்க.

ஹேங்கர் எக்ஸ்டெண்டர்னு ஒரு சின்ன துண்டு போட்டா எல்லாம் சரியாயிடும்ங்கறாங்களே?

அது டீரெய்லர கொஞ்சம் கீழ இறக்கும், அதனால மேல் கப்பி பெரிய பல்லுல இடிக்காது. ஆனா மேல சொன்ன ரெண்டு எண்ல முதல் எண்ணுக்கு மட்டும்தான் அது வைத்தியம், கொள்ளளவு ஒரு பல்லு கூட ஏறாது, கூண்டோட நீளம் அதேதானே. சின்ன பல்லு பக்கம் ஷிஃப்டிங் கொஞ்சம் மந்தமாகவும் செய்யும், கப்பி பல்ல விட்டு தள்ளி நிக்கிறதால. அவசரத்துக்கு ஓகே, சரியான டீரெய்லர் கிடைச்சா அதத்தான் போடுவேன்.

10-ல ஆரம்பிக்கிற கேசட் வாங்கிட்டேன், வீல்ல ஏறவே மாட்டேங்குது, டிஃபெக்ட் பீஸா?

பீஸ் நல்லாத்தான் இருக்கும், ஃப்ரீஹப்தான் வேற. கேசட் ஏறுற அந்த உருளை பல வகைல வருது. பழைய ஹெச்ஜி வகைல பொதுவா 11 பல்லுதான் குறைஞ்சபட்சம். ஷிமானோ 10-க்கு மைக்ரோ ஸ்பிளைன் வேணும், ஸ்ராம் 10-க்கு எக்ஸ்டி இல்லன்னா எக்ஸ்டிஆர், கேம்பக்னோலோ ஏகார்ல 9-ல ஆரம்பிக்கிறதுக்கு என்3டபிள்யூ. எக்ஸ்டிஆர், எக்ஸ்டிய விட 1.85 மிமீ நீளம், அதனால எக்ஸ்டி கேசட்ட எக்ஸ்டிஆர்ல போடணும்னா அந்த அளவு ஸ்பேசர் வேணும், தலைகீழா நடக்காது. நல்ல ஹப்புன்னா ஃப்ரீஹப் பாடிய மட்டும் தனியா வாங்கி மாத்திடலாம், வீல மாத்த வேணாம். வாங்குறதுக்கு முன்னாடி ஹப் மாடலுக்கு அந்த பாடி வருதான்னு பாருங்க.

இதே 1.85 மிமீ ஹெச்ஜிலயும் வரும். 11-ஸ்பீடு ரோட் கேசட் பழைய 10-ஸ்பீடு பாடில ஏறாது, ஆனா ஷிமானோவோட 11-34, ஹெச்ஜி800-ன்னு வர்றது, ஏறிடும். அதையே 11-ஸ்பீடு ரோட் பாடில போட்டா பின்னாடி 1.85 ஸ்பேசர் போடணும், அத மறந்துட்டு லாக்ரிங்க என்ன இறுக்கினாலும் கேசட் கடகடன்னு ஆடும்.

எம்டிபி டீரெய்லர் கைல இருக்கு, என் டிராப் பார் ஷிஃப்டரோட போட்டா ஓடுமா

எம்டிபின்னா மலை சைக்கிள், டிராப் பார்னா ரோட் பைக் மாதிரி கீழ வளைஞ்ச ஹேண்டில்பார். கேபிள்ல ஓடுற செட்டப்னா பெரும்பாலும் ஓடாது. ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு எவ்ளோ கேபிள் இழுக்குது, அந்த இழுப்புக்கு டீரெய்லர் எவ்ளோ நகருதுங்கறது ரெண்டும் ஒத்துப்போகணும். ஷிமானோ 11-ஸ்பீடு ரோட்டும் 11-ஸ்பீடு எம்டிபியும் ஒத்துப்போகாது, நடுவுல இழுப்ப மாத்தி குடுக்கிற சின்ன கப்பி ஒண்ணு விக்கிறாங்க, அது போட்டா ஓடும். பழைய ஷிமானோ 10-ஸ்பீடு ரோட் ஷிஃப்டரோட 9-ஸ்பீடு எம்டிபி டீரெய்லர் அருமையா ஓடும், டியாக்ரா 4700-ங்கற 10-ஸ்பீடு ஷிஃப்டர் மட்டும் விதிவிலக்கு. ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் வயர்லெஸ்ல கேபிளே இல்லாததால ரோட் ஷிஃப்டரோட ஈகிள் எம்டிபி டீரெய்லரும் பெரிய கேசட்டும் போட்டு ஓட்டலாம்.

ரோட் கிராங்க கழட்டிட்டு ஜிஆர்எக்ஸ் 46/30 போட்டேன், முன்னாடி ஷிஃப்டிங் சொதப்புது

ஜிஆர்எக்ஸ் கிராங்க்ல செயின்லைன், அதாவது செயின் போற கோடு, ரோட் கிராங்க விட 2.5 மிமீ வெளிய தள்ளி இருக்கும், அகலமான டயருக்கு இடம் விடத்தான். பழைய ரோட் முன் டீரெய்லர் அந்த இடத்துக்கு எட்டாது, ஜிஆர்எக்ஸ் முன் டீரெய்லரே போடணும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. டீரெய்லர் தட்டு பெரிய ரிங்கோட பல்லுக்கு 1-ல இருந்து 3 மிமீ மேல நிக்கணும், 50 ரிங்குக்குன்னு செஞ்ச ஃப்ரேம்ல 46-க்கு அவ்ளோ கீழ இறக்க இடம் இல்லாம போகலாம், ஃப்ரேம்ல முன் டீரெய்லர் மாட்டுற நீளத் துளையோட அடி வரைக்கும் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு ஸ்கேல் வச்சு பாத்துட்டு கிராங்க் வாங்குங்க.

செயினும் மாத்தணுமா? பழசு நல்லாத்தானே இருக்கு

பெரிய பல்லு கேசட் போட்டா பழைய செயின் நீளம் பத்தாது, அதனால மாத்தியே ஆகணும். கட்டையான செயினோட பெரிய ரிங், பெரிய பல்லுன்னு தட்டிட்டீங்கன்னா டீரெய்லர் கூண்டு முன்னாடி நேரா இழுத்துக்கும், ஹேங்கர் வளையும், சில நேரம் டீரெய்லர் ஸ்போக்குக்குள்ள போயிடும், ஒரே நொடில புது செட்டப்பு காலி. பொது விதி, டீரெய்லர் வழியா விடாம பெரிய ரிங்கையும் பெரிய பல்லையும் சுத்தி செயின போட்டு முனை சந்திக்கிற இடத்துல இருந்து ரெண்டு லிங்க் கூட விடுங்க. 51 மாதிரி ரொம்ப பெருசுக்கு கம்பெனி இன்னும் கூட விடச் சொல்லும், அந்த மேனுவல் கணக்குதான் அங்க செல்லும்.

ரிங் மட்டும் சின்னதாக்கினா பழைய செயின ரெண்டு லிங்க் குறைச்சு ஓட்டலாம், ஆனா செயின் தேய்மானம் பாக்கிற செயின் செக்கர் 0.5 காட்டினா 11, 12-ஸ்பீடுல அத தூக்கிப் போட்டுடுங்க, இழுபட்ட செயின் புது ரிங்கயும் சேர்த்து தின்னுடும்.

650பி வீல் போட்டா கியரும் லேசாகுமாமே? அப்புறம் கிராங்க் நீளத்த குறைச்சா?

650பிங்கறது 700-ஐ விட சின்ன வீல். அதுல 47 மிமீ டயர் போட்டா ஒரு சுத்துக்கு 2.13 மீட்டர், 700x40-ஐ விட மூணு சதவீதம் லேசு. 40 ரிங்ல ஒரு பல்லு குறைச்ச மாதிரி, அவ்ளோதான், கியருக்காக வீல் வாங்காதீங்க.

கிராங்க் கதை தலைகீழ். 172.5-ல இருந்து 165 போனா ரேஷியோ மாறாது, ஆனா நெம்புகோல் கட்டையானதால அதே மேட்டுக்கு நாலு சதவீதத்துக்கு மேல கூட அழுத்தணும். இடுப்புக்கும் முட்டிக்கும் நல்லதுன்னு கட்டையா மாத்துறவங்க கூடவே ரெண்டு பல்லு ரிங்க குறைச்சுட்டா கணக்கு நேராயிடும்.

பைக்ல மூட்டை கட்டிக்கிட்டு டூர் போறேன், எவ்ளோ லோ போகலாம்? அளவே இல்லயா?

இருக்கு. மேல போட்ட 90 கிலோ கணக்குல 15 கிலோ மூட்டைய ஏத்துங்க, அதே 150 வாட்டுக்கு வேகம் 4.8 கிமீ ஆயிடும். 60 மிதிக்கு ரேஷியோ 0.6 வேணும், 32/51 கூட 0.63-தான். அந்த வேகத்துல, அதுவும் மூட்டையோட, சரளைல பேலன்ஸ் பண்றதே பெரும்பாடு, ஹேண்டில்பார் இங்கயும் அங்கயும் அலையும், முன் வீல் ஒரு கல்லுல ஏறினாலே நின்னுடும். அதனால 0.65 கிட்ட நிறுத்திக்கலாம்னு நான் சொல்லுவேன், அதுக்கும் மேல செங்குத்தா வந்தா இறங்கி தள்ளுங்க, வேகத்துல பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்ல.

எல்லாம் நீங்க சொன்னபடியே மாத்திட்டேன், ஆனா பெரிய பல்லுல போனா மட்டும் நொறநொறன்னு சத்தம்

முதல்ல பி-ஸ்க்ரூ, மேல் கப்பிக்கும் பல்லுக்கும் நடுவுல இடைவெளி வைக்கிற ஸ்க்ரூ. பெரிய பல்லுல போட்டுட்டு பின்னாடி இருந்து பாருங்க, மேல் கப்பி பல்லுல உரசுதுன்னா ஸ்க்ரூவ உள்ள திருப்பி தள்ளி வைங்க, பழைய கேசட்டுக்கு வச்ச அளவு புதுசுக்கு செல்லாது. ஸ்ராம்ல அந்த இடைவெளிய பாக்க பிளாஸ்டிக் அளவுகோல் குடுக்கிறாங்க, இருந்தா அதையே வைங்க. ரோட் ஏஎக்ஸ்எஸ், ஈகிள் ரெண்டுக்கும் அளவு வேற வேற.

அதுக்கும் சத்தம் போகலன்னா ஹேங்கர் வளைவு. 34-ல தெரியாத வளைவு 51-ல தெரியும், ஹேங்கர் கேஜ் இருக்கிற மெக்கானிக்கிட்ட காட்டி நேராக்கிட்டு அப்புறம் இண்டெக்சிங் (ஒரு கிளிக்குக்கு ஒரு பல்லு சரியா மாறுற செட்டிங்) பாருங்க, வளைஞ்ச ஹேங்கர் மேல கேபிள எவ்ளோ திருகினாலும் ஒரு பக்கம் சரியானா மறுபக்கம் கெடும். ஒன்-பைல பெரிய பல்லுல செயின் உள்பக்கம் சாயறதால லேசான சத்தம் எப்பவும் இருக்கும், பெடல பின்னாடி சுத்தினா அடுத்த பல்லுக்கு விழுதுன்னா மட்டும் செயின்லைன பாக்கணும், பல கிராங்க்ல ரிங்குக்கு உள்ள தள்ளுற ஆஃப்செட் வேற வேற அளவுல கிடைக்கும், உள்ள தள்ளினா ரிங் செயின்ஸ்டேல உரசாம இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.